63 மணி நேர மெகா பிளாக்: தாதரில் சித்தப்பாவைப் பிடிப்பது எப்படி?

டோம்பிவிலிக்காரன்
30 மே 2024, இரவு 9:40

நண்பர்களே, சனிக்கிழமை காலை என் சித்தப்பா வருகிறார். வயது 71. தென்காசியிலிருந்து கிளம்பி, சென்னையில் ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு அங்கே வண்டி ஏறுகிறார். வண்டி இந்தத் தடவை தாதரோடு நின்றுவிடும் என்று அவருக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. இன்று நள்ளிரவு தாணேயில் 63 மணி நேர பிளாக், அதாவது வேலைக்காக வண்டிகளை நிறுத்திவைப்பது, தொடங்குகிறது. நாளை நள்ளிரவிலிருந்து சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) பக்கம் தனியாக 36 மணி நேரம்.

நான் தாதருக்கு எப்படிப் போவது, மூட்டை முடிச்சோடு அவரை எப்படிக் கூட்டி வருவது? டாக்சி என்று மட்டும் சொல்லாதீர்கள். "பம்பாய்க்கு வந்து டாக்சியில் போறதுக்கு நான் எதுக்குடா வரணும்?" என்கிறார். லோக்கல்தான் வேண்டுமாம். ரயில் கிறுக்கு எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பேங்கர் பாண்டி
30 மே, இரவு 10:05

தம்பி, பதற வேண்டாம். கணக்கு வந்துவிட்டது. வெள்ளி 161, சனி 534, ஞாயிறு 235. ஆக 930 லோக்கல் ரத்து. வெளியூர் வண்டிகள் 72. இருப்பதிலேயே மோசமான நாளாகப் பார்த்துச் சித்தப்பா டிக்கெட் எடுத்திருக்கிறார். ஆனால் ஓடுகிற மெயின் லைன் வண்டிகள் தாதர், பரேல், பைகுல்லா வரை வரும். ஹார்பர் லைன் வண்டிகள்தான் வடாலா ரோடோடு சரி. தாதருக்கு வண்டி உண்டு, வண்டியில் இடம்தான் இருக்காது.

டோம்பிவிலியில் ஏறப் பார்க்காதீர்கள். எதிர்த் திசையில் கல்யாணுக்கு வந்து, அங்கே புறப்படுகிற வண்டியில் உட்கார்ந்து போங்கள். கல்யாண் வரைக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க மறக்காதீர்கள். அந்த இரண்டு ஸ்டேஷனுக்காக அபராதம் கட்டியவர்கள் இந்தக் குழுவிலேயே உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

தாராவி 90 அடி ரோடு
30 மே, இரவு 10:12

ஒரு தடவைதான் கட்டினேன் அண்ணாச்சி. அதை எத்தனை வருஷம் சொல்வீர்கள்?

மாட்டுங்கா மாமி
30 மே, இரவு 10:31

63 மணி நேரம் அப்படி என்னதான் செய்வார்கள்? எங்கள் காலத்தில் ஞாயிறு பகலில் நாலைந்து மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள், சாயங்காலம் எல்லாம் ஓடும். டோம்பிவிலித் தம்பி, திரும்பும்போது சித்தப்பாவை மாட்டுங்காவில் இறக்கிக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போங்கள். தாதருக்கு அடுத்த ஸ்டேஷன்தானே. ஒன்றரை நாள் ரயில் டீ குடித்த வாய்க்கு அது பரிகாரம்.

பேங்கர் பாண்டி
30 மே, இரவு 11:02

மாமி, இது கம்பி மாற்றுகிற வேலை இல்லை. தாணே 5-ஆம் நடைமேடையில் நின்றிருக்கிறீர்களா? ஒரு பக்கம் 5, மறுபக்கம் 6, நடுவில் படிக்கட்டு, அதைச் சுற்றி மிச்சமிருக்கிற இடத்தில் ஜனம். ஃபாஸ்ட் லோக்கலும் அங்கேதான், வெளியூர் வண்டியும் அங்கேதான். அகலப்படுத்தலாம் என்றால் பக்கத்தில் தண்டவாளம் ஓடுகிறது. அதனால் தண்டவாளத்தையே நகர்த்திவிட்டு, முன்பே வார்த்து வைத்த கான்கிரீட் கட்டைகளை அடுக்கி இரண்டு மூன்று மீட்டர் சேர்க்கிறார்கள். தண்டவாளம் நகர்ந்தால் மேலே மின்கம்பியும் நகர வேண்டும், வண்டியைத் தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட் நகர வேண்டும், சிக்னலை மறுபடி சோதிக்க வேண்டும். நாலு மணி நேரத்தில் ஆகாது.

சிஎஸ்எம்டியில் 10, 11-ஆம் நடைமேடைகளை 24 பெட்டி நிற்கும்படி நீட்டுகிறார்கள். நம் ஊர் வண்டிகளெல்லாம் பெட்டி கூட்டிக் கூட்டி நீளமாகிவிட்டன, நிறுத்த இடம் வேண்டாமா? நான் இந்த பிளாக் பக்கம்தான். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து கிளம்பிய முதல் வண்டி வந்து நின்றது இதே தாணேயில்தான். மூன்று எஞ்சின், 14 பெட்டி, 34 கிலோமீட்டர். அன்றைக்கு ஏறியவர்கள் 400 பேர். இன்று தாணேயில் ஒரு கதவில் தொங்குகிறவர்களைச் சேர்த்தாலே அதில் கால்வாசி வரும்.

வாஷி வானிலை
31 மே, காலை 6:50

கேரளத்தில் நேற்றுதான் பருவமழை தொடங்கியிருக்கிறது. மும்பைக்கு வழக்கமான தேதி ஜூன் 11. ஆகையால் சனிக்கிழமை மழை வந்து காப்பாற்றாது. இப்போது நடப்பது மழையும் இல்லாத, காற்றும் இல்லாத இரண்டு வாரம். வெப்பமானியைப் பார்த்தால் 34 தான் இருக்கும், சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். சித்தப்பாவுக்குப் பருத்தித் துண்டு இரண்டு எடுத்துப் போங்கள்.

இந்த வெயிலில் தண்டவாளத்தைப் பற்றியும் கொஞ்சம் இரக்கப்படுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் ஒரு டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். பற்றவைத்த தண்டவாளத்தில் அதற்கு இடம் கிடையாது. ஜல்லியும் ஸ்லீப்பரும் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் அடங்கி இருக்கிறது. பிடி தளர்ந்தால் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். கொதிக்கிற மத்தியானத்தில் தண்டவாளத்தோடு நடந்து போகிற கேங்மேன் எதைத் தேடிப் போகிறார் என்று நினைத்தீர்கள்?

தாராவி 90 அடி ரோடு
31 மே, காலை 9:15

சனிக்கிழமை இன்னொன்றும் இருக்கிறது. மக்களவைத் தேர்தலின் ஏழாவது கட்டம், கடைசி வாக்குப்பதிவு. சாயங்காலம் ஆறரைக்குக் கருத்துக்கணிப்பு வந்துவிடும். பைகுல்லாவில் மாட்டிக்கொண்டு நிற்கிற ஜனம் மொத்தமும் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

மட்டுறுத்துநர்
31 மே, காலை 9:20

வெயில், வண்டி, வாக்குச்சாவடி வரை சரி. கட்சிக்கு முன்னால் சிக்னல் சிவப்பு. தெரியும்தானே.

தாராவி 90 அடி ரோடு
31 மே, காலை 9:34

கட்சி வேண்டாம், டிக்கெட்டைப் பேசலாமா? என் மாமாவுக்கு ஓட்டு வள்ளியூரில். தேர்தல் தேதியை மார்ச் 16-ஆம் தேதிதான் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19. முன்பதிவோ 120 நாளுக்கு முன்பே திறந்தாயிற்று. ஏப்ரல் பாதியிலிருந்து இங்கே பள்ளிக்கூட லீவு. லீவுக்குப் போகிற குடும்பங்கள் டிசம்பரிலேயே எல்லா சீட்டையும் வாரிக்கொண்டு போய்விட்டன. மார்ச் 16 சாயங்காலம் மாமா உட்கார்ந்து பார்த்தபோது காத்திருப்போர் பட்டியலே முடிந்து 'வருந்துகிறோம்' வந்துவிட்டது. கடைசியில் பொதுப்பெட்டியில் போனார். ஓட்டுப் போட்டார். மறுநாளே திரும்பவும் பொதுப்பெட்டி. மூன்று நாள் முதுகு வலிக்கு மருந்து தடவியது நான்தான்.

இங்கேயே 40 வருஷம் இருக்கிறீர்களே, பெயரை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். "சயான் கோலிவாடாவில் 2014-லிருந்து தமிழர்தானே எம்.எல்.ஏ., இங்கே நம் ஆட்கள் ஓட்டு நிறைய இருக்கிறது, என் ஒரு ஓட்டு ஊரில் இருக்கட்டும்" என்கிறார்.

மாட்டுங்கா மாமி
31 மே, காலை 11:10

எனக்கு ஓட்டு இங்கேதான். மே 20-ஆம் தேதி காலை ஏழரைக்கே போய் நின்றேன். போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். வெளியே வைக்கவும் இடம் இல்லை. என் முன்னால் நின்ற பெண் காய்கறிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். நானும் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் தட்டில் தக்காளி மாதிரி பதினாலு போன் அடுக்கியிருந்தார். ஒன்றும் மாறவில்லை.

மழை, ரயில், தேர்தல் என்று பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்கிறேன். என் அப்பா இங்கே மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்புக்கு வருவதற்கு முன் பொன்மலையில் வேலை பழகியவர். 1956 நவம்பர் 23, விடியற்காலம். ஒரே மழை. அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றில் வெள்ளம் வந்து பாலத்தை அரித்துவிட்டது. மதறாஸிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அப்படியே ஆற்றில் இறங்கிவிட்டது. நூற்றுக்கும் மேலே செத்துப்போனார்கள். பொன்மலையிலிருந்து ஆட்களை அனுப்பினார்கள், அப்பாவும் போனார். என்ன பார்த்தார் என்று கடைசி வரை எங்களிடம் சொன்னதில்லை. ஆனால் மழைக்காலத்தில் வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறினால் பேச்சை நிறுத்திவிடுவார். பாலம் தாண்டிய பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்.

லால் பகதூர் சாஸ்திரி அதற்காகத்தான் ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். துணை அமைச்சர் நம் ஊர்க்காரர், ஓ.வி. அழகேசன். அடுத்த வருஷமே தேர்தல். "அரியலூர் அழகேசா, நீ ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா" என்று சுவரெல்லாம் எழுதினார்கள். எதுகை மோனையோடு ஒரு மனிதரை இப்படியும் அடிக்க முடியுமா என்று அப்பா சொல்வார். ஆற்றில் வெள்ளம் வந்ததற்கு அழகேசன் என்ன செய்வார் என்றும் சொல்வார். இரண்டையும் சேர்த்தே சொல்வார்.

மட்டுறுத்துநர் ஐயா, இது கட்சி இல்லை, சரித்திரம்.

மட்டுறுத்துநர்
31 மே, காலை 11:25

மாமிக்குப் பச்சை.

வாஷி வானிலை
31 மே, மதியம் 1:05

மாமி சொன்ன பாலம் என் துறை இல்லை. ஆனால் மழைக்கும் இங்கத்திய வண்டிக்கும் உள்ள உறவைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஜூலையிலும் "இத்தனூண்டு தண்ணீருக்கு ஏன் வண்டியை நிறுத்துகிறார்கள்" என்று யாராவது கேட்பார்கள்.

இரண்டு தண்டவாளத்திலும் சிறிய மின்னோட்டம் ஓடுகிறது. வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டையும் குறுக்கே இணைக்கும். மின்னோட்டம் அந்த வழியாகத் திரும்பிவிடும். பின்னால் சிக்னல் சிவப்பாகும். இப்போது வண்டிக்குப் பதில் தண்ணீர் வந்து இரண்டு தண்டவாளத்தையும் மூடினால்? சிக்னலுக்கு வித்தியாசம் தெரியாது, அதே சிவப்புத்தான். பழுதானால் சிவப்பில் நிற்க வேண்டும் என்பதுதான் அதன் விதி. அது போக பாயிண்ட் மோட்டார் தரையோடு ஒட்டி இருக்கிறது, லோக்கலின் மோட்டார்கள் பெட்டிக்கு அடியில் இருக்கின்றன. குர்லா, சயான் பக்கம் தரையே பள்ளம். கடல் ஏறியிருக்கிற நேரமும் கனமழையும் சேர்ந்தால் தண்ணீர் எங்கே போகும்?

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. நான் குர்லாவிலிருந்து வாஷிக்கு நடந்தேன். அதைப் பற்றி இங்கே ஏற்கெனவே மூன்று தடவை எழுதிவிட்டேன், விடுங்கள்.

பேங்கர் பாண்டி
31 மே, மதியம் 2:20

2019 ஜூலை 27-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ். உல்ஹாஸ் ஆறு வயலெல்லாம் ஏறி வந்து, ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே. ரப்பர் படகில் இறக்கினார்கள். அந்த வண்டியின் படத்தைப் பார்த்தால் குளத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும்.

சித்தப்பாவின் வண்டி நாளைக் காலை போர் காட் மலைப்பாதையில் இறங்கி அந்த வழியாகத்தான் வரும். லோணாவளா தாண்டியதும் எழுந்து ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். 37-க்கு 1 சரிவு, அதாவது 37 அடி போனால் ஒரு அடி இறக்கம். இறங்குகிற வண்டியை நடுவழியில் நிறுத்திப் பிரேக் பார்ப்பார்கள். "ஏன் காட்டில் நிற்கிறது" என்று சங்கிலியைப் பிடித்து இழுத்துவிட வேண்டாம்.

டோம்பிவிலிக்காரன்
31 மே, இரவு 8:15

சொல்லிவிட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியும், 1978-லேயே பார்த்தாச்சு" என்றார். அப்போது மலையேற வண்டிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்த பேங்கர் எஞ்சின் நண்டு மாதிரி இருந்ததாம்.

பேங்கர் பாண்டி
31 மே, இரவு 8:19

கேக்டா! மராத்தியில் அதற்கு நண்டு என்றுதான் பட்டப்பெயர். எஞ்சின் வகை டபிள்யூசிஜி-1. முன்னும் பின்னும் மூக்கு நீட்டிக்கொண்டு நடுவில் உடம்பு. தம்பி, உங்கள் சித்தப்பாவின் எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

தாராவி 90 அடி ரோடு
1 ஜூன், காலை 8:44

நேரடித் தகவல்: சயானிலிருந்து தாதருக்கு இரண்டு ஸ்டேஷன், ஏறவே மூன்று வண்டி விட வேண்டியதாயிற்று. பஸ் நிறுத்தத்தில் வரிசை வளைந்து தெருவுக்குள் போயிருக்கிறது. டோம்பிவிலி அண்ணே, எங்கே இருக்கிறீர்கள்?

மாட்டுங்கா மாமி
1 ஜூன், காலை 11:30

காபி ஆறுகிறது.

டோம்பிவிலிக்காரன்
1 ஜூன், இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா தூங்குகிறார். நடந்ததை எழுதுகிறேன், சிரித்துவிட்டுப் போங்கள். தப்பு முழுக்க என்னுடையது.

பாண்டி அண்ணன் சொன்னபடி கல்யாண் போய் ஏறி, உட்கார்ந்தே தாதர் வந்தேன். இதுவரை பிரமாதம். முந்தின நாளே சித்தப்பாவிடம் சொல்லியிருந்தேன்: "இறங்கியதும் பாலம் ஏறி ஒன்றாம் நடைமேடைக்கு வந்துவிடுங்கள். கல்யாண் ஸ்லோ அங்கேதான் வரும். நான் அங்கேயே நிற்பேன்." பதினெட்டு வருஷமாக நான் நிற்கிற இடம். காலை ஒன்பது மணிக்கெல்லாம் போய் நின்றுவிட்டேன். சித்தப்பாவின் வண்டியும் அரை மணி நேரம் கழித்து வந்துவிட்டது. ஆளைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். வெயிலில் எங்கேயாவது மயங்கி உட்கார்ந்துவிட்டாரோ என்று வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். 8 என்று இருந்தது.

போன டிசம்பரிலேயே தாதரில் எண் மாற்றிவிட்டார்கள் இல்லையா? முன்பு இரண்டு ரயில்வேக்கும் தனித்தனியாக ஒன்றாம் நடைமேடை இருந்தது. இப்போது வெஸ்டர்ன் ரயில்வே பக்கம் 1 முதல் 7, நம் சென்ட்ரல் ரயில்வே பக்கம் 8 முதல் 14. மாற்றியபோது இந்தக் குழுவில் அதைப் பற்றி நாற்பது பதிவு ஓடியது. அதில் பதினொன்று நான் எழுதியது! "இனிமேல் தாதரில் யாரும் தொலைய மாட்டார்கள்" என்று கூட எழுதியிருக்கிறேன். தினமும் பழைய பழக்கத்தில் காலே போய் நிற்பதால் கண் அந்தப் பலகையைப் பார்த்ததே இல்லை.

பாலத்தில் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு மேற்குக் கோடிக்கு ஓடினேன். சித்தப்பா உண்மையான ஒன்றாம் நடைமேடையில், பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கருப்பட்டிச் சிப்பம், பலாப்பழம் ஒன்று சாக்கில். கையில் கல்யாணப் பத்திரிகை. அதன் பின்பக்கத்தில் பேனாவால் வரிசையாக எழுதிக்கொண்டிருக்கிறார். "12, 12, 12, 15, 12..." என்று. போன வண்டிகளின் பெட்டிக் கணக்கு. "வா வா. நாற்பது நிமிஷத்தில் எத்தனை வண்டிடா! அந்தேரி, போரிவலி, விரார்னு சொல்றான், கல்யாணைத்தான் காணோம்" என்றார். போன் எங்கே என்றால், சத்தம் கேட்கவில்லையாம். கவலையே படவில்லை. நான்தான் வேர்த்து வழிந்துகொண்டிருந்தேன். வாஷி அண்ணன் சொன்ன துண்டு எனக்குத்தான் பயன்பட்டது.

மாமி, மன்னிக்க வேண்டும். மாட்டுங்காவில் இறங்க முடியவில்லை. இறங்கினால் மறுபடி ஏறியிருக்க முடியாது. சித்தப்பாவுக்கு நாலாவது சீட் கிடைத்தது. மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக ஒருவருக்கு அரைத் தொடைக்கு இடம் விடுவார்களே, அது. "இதுவா சீட்டு?" என்று கேட்டுவிட்டு, தாணே வரும் வரை அதை விடவில்லை. தாணேயில் மெதுவாக ஊர்ந்தபோது ஜன்னல் வழியே பார்த்தோம். 5-ஆம் நடைமேடை ஓரமாக மஞ்சள் சட்டை, ஆரஞ்சு சட்டை என்று நூற்றுக்கணக்கான ஆட்கள், ஒரு கிரேன், வரிசையாகக் கான்கிரீட் கட்டை. பெட்டியில் அதுவரை பிளாக்கைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார்கள். தாணே தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து திட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். சித்தப்பாவின் இடது ஆள்காட்டி விரலில் ஏப்ரல் 19 மை இன்னும் இருக்கிறது. தோலில் போய்விட்டது. நகத்தில் மட்டும், அடியிலிருந்து வளர்ந்து வளர்ந்து நடுநகம் வரை ஏறியிருக்கிறது. மேலே மங்கின ஊதாப் பட்டை, கீழே சுத்தமான புது நகம். என் விரலைப் பக்கத்தில் வைத்தேன். மே 20 மை; இப்போதுதான் நகக்கண்ணிலிருந்து நூல் இழை அளவு கிளம்பியிருக்கிறது. சித்தப்பா பேனா மூடியை வைத்து இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு, "உன் வண்டி ஒரு மாசம் லேட்டு" என்றார்.

பேங்கர் பாண்டி
1 ஜூன், இரவு 10:02

அந்தப் பத்திரிகையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

மாட்டுங்கா மாமி
1 ஜூன், இரவு 10:10

மன்னித்தேன். பலாச்சுளை நாலு அனுப்பினால் முழுசாக மன்னிப்பேன்.

தாராவி 90 அடி ரோடு
4 ஜூன், இரவு 11:48

சிக்னலை மீறாமல் எண்ணை மட்டும் சொல்கிறேன். மும்பை வடமேற்குத் தொகுதி. வித்தியாசம் 48 ஓட்டு. நாற்பத்தெட்டு! லட்சக்கணக்கில் ஓட்டு விழுந்த இடத்தில். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தேரியில் நின்றால், ஒரு கதவு வழியாக ஒரே தடவையில் இறங்குகிற ஆட்கள்.

மாமா போன் செய்தார். "பார்த்தாயா, ஒரு ஓட்டுக்காகப் பொதுப்பெட்டியில் போனதுக்குச் சிரித்தாயே" என்கிறார். நீங்கள் ஓட்டுப் போட்ட மாநிலத்தில் 39 தொகுதியும் ஒரே பக்கம் போய்விட்டதே மாமா என்றேன். போனை வைத்துவிட்டார்.

மட்டுறுத்துநர்
4 ஜூன், இரவு 11:55

மஞ்சள். அடுத்த சிக்னலில் நிறுத்தத் தயாராக இருக்கவும்.

வாஷி வானிலை
9 ஜூன், மதியம் 12:40

வந்துவிட்டது. இரண்டு நாள் முன்னதாகவே. இன்று மும்பையில் பருவமழை தொடங்கியதாக அறிவித்துவிட்டார்கள். நாளையிலிருந்து கொங்கண் ரயில்வேயில் மழைக்கால அட்டவணை, அக்டோபர் 31 வரை. அந்தப் பக்கம் போகிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இன்றைக்கே டெல்லியில் பதவியேற்பு, இன்றைக்கே நியூயார்க்கில் இந்தியா, பாகிஸ்தான் ஆட்டம். மழையை யாரும் கவனிக்கப் போவதில்லை என்பதால் நான் மட்டுமாவது பால்கனியில் நிற்கிறேன்.

டோம்பிவிலிக்காரன்
9 ஜூன், மதியம் 1:15

சித்தப்பா கவனித்துவிட்டார். மழையில் பேங்கர் பார்க்க வேண்டுமாம். இப்போதே. பாண்டி அண்ணே, எங்கே நிற்க வேண்டும்?

பேங்கர் பாண்டி
9 ஜூன், மதியம் 1:18

கர்ஜத். புனே பக்கம் போகிற வண்டிக்குப் பின்னால் எஞ்சின் கொண்டுவந்து ஒட்டுவதை அங்கே நடைமேடையிலேயே நின்று பார்க்கலாம். முன்பக்கம் போகாதீர்கள், வால்பக்கக் கோடிக்குப் போங்கள். முதலில் மெதுவாக வந்து ஒரு முட்டு முட்டும். வண்டி முழுக்க அந்தக் குலுக்கல் ஓடுவது காதால் கேட்கும். ஒட்டி முடிப்பதற்குள் ஒரு வடாபாவ் தின்றுவிடலாம், இரண்டு தின்ன முடியாது. நான் கல்யாணில் ஏறிக்கொள்கிறேன். கடைசிப் பெட்டி.

டோம்பிவிலிக்காரன்
9 ஜூன், மதியம் 1:21

குடையை எடுத்துச் செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். எந்த நடைமேடை என்று உங்களிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். என் வாக்கை இனி நம்ப மாட்டாராம்.